எண்ணெய் ஆலை தொடங்கும் முன்: அய்யம்பாளையத்துத் தேங்காயில் ஒரு கணக்கு

வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் சகோதரர்களிடம் "இனி என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டால், அய்யம்பாளையம், சித்தையன்கோட்டை, ஆத்தூர் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் பதில், "சின்னதா ஒரு எண்ணெய் மில் போடலாம்னு இருக்கேன்" என்பதுதான். யோசனை தவறல்ல. தாண்டிக்குடி மலைக்குக் கீழே, மருதாநதி அணையை ஒட்டிய பகுதி முழுக்கத் தென்னை. 'அய்யம்பாளையம் நெட்டை' என்று ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் இருக்கிறது. விதைத்தேங்காய்க்கு வெளியூர்க்காரர்களும் தேடி வருகிறார்கள். சரக்கு வாசலில் கிடக்கும்போது ஆலை வைத்தால் லாபம்தானே என்று மனம் சொல்லும்.

ஆனால் நம் பகுதித் தேங்காய்க்கும் கொப்பரைக்கும் விலை நம் ஊரில் முடிவாவதில்லை. காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்து ஆலைகளும், பெருந்துறை, அவல்பூந்துறை ஏலங்களும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. தோப்பு பக்கத்தில் இருப்பதால் வண்டி வாடகை மிச்சமாகும், அவ்வளவே. தோப்புக்காரர் காங்கேயம் விலையை போனில் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் பேசுவார்.

ஆகவே முதல் ஆராய்ச்சி இயந்திரத்தைப் பற்றியதல்ல, விலையைப் பற்றியது. மத்திய அரசின் தென்னை வளர்ச்சி வாரியம் தேங்காய், கொப்பரை, எண்ணெய் விலைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறது. குறைந்தது மூன்று வருட விலையை ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதிப் பாருங்கள். 2023-ல் அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய்; சந்தையில் கிலோ 80 ரூபாய் அளவுக்கு இறங்கிக் கிடந்தது, விவசாயிகள் நாஃபெட் கொள்முதலுக்குக் காத்து நின்றார்கள். 2025-ல் ஆதரவு விலை 11,582 ரூபாய். அந்த வருடத்தின் நடுவில் சந்தை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டி ஓடியது. வெள்ளை ஈ தாக்குதலாலும் வறட்சியாலும் காய்ப்பு குறைந்தது ஒரு காரணம். 2024 செப்டம்பரில் இறக்குமதி சமையல் எண்ணெய்களுக்கு வரியை உயர்த்தியது இன்னொன்று. இரண்டு வருடத்தில் இரண்டரை மடங்கு. இப்படி ஆடும் மூலப்பொருளை நம்பித்தான் தொழில் நடக்கப் போகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம்.

கீழே உள்ள எண்கள் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. அன்றைய விலையைப் போட்டு நீங்களே திருப்பிப் பாருங்கள்.

கொப்பரை கிலோ 200 ரூபாய். 100 கிலோ அரைத்தால் 60 கிலோ எண்ணெய், 36 கிலோ புண்ணாக்கு, மீதி சேதாரம். புண்ணாக்கு கிலோ 35 ரூபாய்க்குப் போனால் 1,260 ரூபாய் திரும்பி வரும். 20,000-ல் அதைக் கழித்தால் 18,740. அறுபதால் வகுத்தால் கிலோ எண்ணெயின் அடக்கம் சுமார் 312 ரூபாய். அதன்மேல் 20 ரூபாய் வைத்து 332-க்கு விற்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 300 கிலோ வீதம் மாதம் 25 நாள் ஓடினால் 4,500 கிலோ எண்ணெய், 90,000 ரூபாய் கையில் நிற்கும். வாடகை, கூலி, மின்சாரம், பாட்டில் எல்லாம் சேர்ந்து 60,000 என்றால், மிச்சம் 30,000. பரவாயில்லை என்று தோன்றுகிறதா?

இப்போது எண்ணெய் 60-க்குப் பதில் 58 கிலோதான் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புண்ணாக்கு 38 கிலோ ஆகும், ஆனாலும் அடக்கம் கிலோவுக்கு 322 ரூபாயாகிவிடும். மாத வரவு 90,000-லிருந்து சுமார் 45,000-க்கு இறங்கும். செலவு அதே 60,000. வெறும் இரண்டு கிலோ வித்தியாசத்தில் 30,000 லாபம் 15,000 நஷ்டமாக மாறிவிட்டது. இந்தத் தொழிலின் உயிர் இறங்கும் எண்ணெய் விகிதத்தில்தான் இருக்கிறது. இயந்திரம் விற்க வருபவர் சொல்லும் விகிதத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஓடுகிற ஆலைக்கு உங்கள் கொப்பரை ஒரு குவிண்டாலைக் கொண்டுபோய்க் கூலிக்கு அரைத்து, கண்ணெதிரே எடை போடுங்கள். மரச்செக்கில் எக்ஸ்பெல்லரைவிட எண்ணெய் குறைவாகத்தான் இறங்கும். அதனால் 'மரச்செக்கு' என்று கூடுதல் விலைக்கு விற்க ஆள் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஈரம் இன்னொரு கள்ளன். நல்ல அரவைக் கொப்பரையில் ஈரப்பதம் 6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 8 சதவீதக் கொப்பரை வாங்கினால், குவிண்டாலுக்கு இரண்டு கிலோ தண்ணீருக்கு 400 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் களத்தில் காயாத சரக்குதான் வரும், பூஞ்சணமும் பிடிக்கும். ஈரப்பதம் பார்க்கும் கருவிக்கு ஆகும் செலவு சில மூட்டைகளிலேயே திரும்பிவிடும். எண்ணெயை எடையில் எடுத்து லிட்டரில் விற்கும் இடத்திலும் கவனம் தேவை. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் 910, 920 கிராம்தான். கிலோ அடக்கத்தையே லிட்டர் அடக்கம் என்று எண்ணி விலை வைத்தால், பக்கத்துக் கடை எண்ணெய் எப்போதும் மலிவாகத் தெரியும்.

பலர் தடுக்கி விழுவது நடைமுறை முதலில்தான். கொப்பரை இருப்பு பத்து நாள், கடைக்காரர்களுக்குக் கொடுக்கும் கடன் முப்பது நாள் என்றால், நாற்பது நாள் சரக்குப் பணம் எப்போதும் வெளியே நிற்கும். கொப்பரை 80 ரூபாயாக இருந்தால் நாள் ஒன்றுக்கு 24,000, நாற்பது நாளுக்கு 9 லட்சத்து 60 ஆயிரம். அதுவே 200 ரூபாய் ஆகும்போது 24 லட்சம். இயந்திரத்தின் விலை மாறவில்லை, ஆலை பெரிதாகவில்லை, ஆனால் தேவைப்படும் பணம் இரண்டரை மடங்கு. சேமிப்பு முழுவதையும் கட்டிடத்திலும் இயந்திரத்திலும் போட்டவர் இந்த இடத்தில்தான் மனைவியின் நகையை எடுக்கிறார். பாராசூட் எண்ணெய் விற்கும் மாரிக்கோ நிறுவனத்தின் காலாண்டு அறிக்கைகள் பங்குச்சந்தை இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. கொப்பரை ஏறியபோது அவர்கள் விலையை உயர்த்தியும் லாப விகிதம் சுருங்கியதை அதில் பார்க்கலாம். அவ்வளவு பெரியவர்களுக்கே அப்படி என்றால், நம் பாட்டிலுக்கு விலை ஏற்றும்போது கடைக்காரர் என்ன சொல்வார் என்று யோசியுங்கள்.

உத்யம் பதிவு இலவசம், கட்டாயம் செய்துவிடுங்கள். பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். மின் இணைப்புக்கு முன் எந்தக் கட்டண வகை, மாத நிலைக்கட்டணம் எவ்வளவு என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். ஆலை ஓடாத மாதமும் அது வரும். உணவுப் பாதுகாப்பு உரிமமும் எடுக்க வேண்டும். சிறு பாட்டில் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா தலை எண்ணெயா என்ற நீண்ட வழக்கில், சமையல் எண்ணெயாகவே கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே 5 சதவீத ஜிஎஸ்டிதான்.

முதலீட்டுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தை (பிஎம்இஜிபி) எல்லோரும் சொல்வார்கள். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு. சிறுபான்மையினர் சிறப்புப் பிரிவில் வருவதால் கிராமப்புறத்தில் 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். 2025-26 வரை அறிவிக்கப்பட்ட திட்டம் என்பதால் இப்போதைய நிலையை திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மானியம் கையில் வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து, அதன் பிறகே கடனில் கழியும். மீதியோ வட்டிக் கடன். மானியத்தை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடுவது நம்மவர்களிடம் அதிகம்.

வட்டி வேண்டாம் என்று நிற்கும் குடும்பங்களுக்குக் கூட்டு முதலீடு இருக்கிறது. ஆனால் "லட்சத்துக்கு மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று தொகை பேசி வாங்கினால், பெயர் முளாரபா என்றாலும் அது வட்டிதான். முளாரபாவில் லாபத்தின் விகிதம்தான் பேசப்பட வேண்டும். உழைப்பவரின் அலட்சியம் இல்லாமல் வரும் நஷ்டம் பணம் போட்டவருடையது. முஷாரகாவில் நஷ்டம் முதலின் விகிதப்படி. மச்சான், சித்தப்பா மகன் என்ற உறவை நம்பி எழுதாமல் விடாதீர்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282-வது வசனம் குர்ஆனிலேயே நீளமானது. மேலே சொன்ன 60, 58 கணக்கைப் பங்குதாரருக்கும் போட்டுக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

வருட முடிவில் ஜகாத்தும் ரொக்கத் தேவைதான். இயந்திரத்துக்கு இல்லை, சரக்கு இருப்பு, கையிருப்பு, வரவேண்டிய நல்ல கடன் ஆகியவற்றுக்கு உண்டு. 24 லட்சம் சுழலில் நின்றால் இரண்டரை சதவீதம் 60,000 ரூபாய். கழிக்க வேண்டிய கடன்கள் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டு, மாதம் 5,000 தனியாக எடுத்து வைத்தால் ரமளானில் சரக்கை அவசரமாக விற்க வேண்டி வராது.

இந்தக் கணக்கில் தேறாவிட்டால், இயந்திரம் வாங்காமலே முதல் ஆறு மாதம் கொப்பரை வாங்கிக் கூலிக்கு அரைத்து, பத்துக் கடைக்குப் போட்டுப் பாருங்கள். கொடுத்த பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.