திறவுகோலும் சாவியும்

திண்டுக்கல் நாகல்நகர்ப் பட்டறை ஒன்றில் நுழைந்து, 'ஒரு திறவுகோல் செய்து தாருங்கள்' என்று கேட்டால், பூட்டுத் தொழிலாளி நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பேதுருவிடம் அளிக்கப்பட்ட திறவுகோல்களைப் பற்றித் திருப்பலியில் கேட்டிருப்பவரே எனினும், பட்டறையில் அவருக்கு அது சாவிதான். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பூட்டின் பெயர் தமிழ். அதைத் திறக்கும் கருவியின் பெயரோ போர்த்துக்கீசியரின் 'சாவே'. குருமடத்தில் இலத்தீன் பயின்றோர்க்கு அதன் தாய்ச்சொல்லான 'கிளாவிஸ்' நினைவுக்கு வரும்.

போர்த்துக்கீசியர் திண்டுக்கல்லை ஆண்டதில்லை. அவர்கள் கடற்கரையில் வலுப்பெற்றிருந்த காலத்தில் இச்சீமை மதுரை நாயக்கர்களின் கீழ் இருந்தது. ஆகவே இச்சொல் படையோடு வந்ததன்று. முத்துக்குளித்துறையிலிருந்து சரக்கோடும் பேரத்தோடும் உள்நாட்டுக்கு ஏறி வந்திருக்க வேண்டும். மேசை, அலமாரி, ஜன்னல், பீப்பாய் ஆகியவையும், வீடு கட்டுவோர் அழைக்கும் மேஸ்திரியும் அதே வழியினர். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் நாள்தோறும் ஒலிக்கும் 'ஏலம்' என்பதையும் அறிஞர் இவ்வரிசையில் சேர்ப்பர்.

அந்நாளில் கரையோர வணிகத்துக்குப் போர்த்துக்கீசியமே பொதுமொழி. 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றிய பின்னரும் அம்மொழி அகலவில்லை. 1698ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கப்பட்ட சாசனம், அதன் குருக்கள் இந்தியா வந்த ஓராண்டுக்குள் போர்த்துக்கீசியம் கற்க வேண்டுமென விதித்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்குவும் தமிழோடு அதையும் கற்றார். நாடு இழந்தவனின் மொழியை, நாடு பிடித்தவன் கடைவீதிக்காகப் படித்தான்!

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. நாம் ஏற்றவை பெரும்பாலும் பொருள்களின் பெயர்களே. வாங்குதல், விற்றல், கடன், முதல் என்று வாணிகத்தின் உயிரான சொற்களுக்கு நாம் எவரிடமும் கையேந்தவில்லை. பேரம் பேச வந்தவர் சிலவற்றைத் தந்தார்; ஆன்மாக்களோடு பேச வந்தவரோ நம் மொழியை முழுவதும் கற்கவேண்டியதாயிற்று. 1547 முதல் முத்துக்குளித்துறையில் உழைத்த இயேசு சபைத் துறவி அன்றீக்கு அடிகளார், தமிழ் இலக்கணத்தைப் போர்த்துக்கீசியத்தில் எழுதினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். அதற்கு முன்பே, 1554இல் லிஸ்பன் நகரில் செபநூல் ஒன்று வெளிவந்தது. உரோமை எழுத்தில் தமிழ். சொல்லுக்குச் சொல் போர்த்துக்கீசியப் பொருள். அதை ஆக்கிய மூவரும் இந்தியக் கிறிஸ்தவர்களே. அவர்களை நம்மில் எத்தனை பேர் நினைவுகூர்கிறோம்?

நம் கோவில்களுக்குள்ளும் அம்மொழி புகுந்தது. குருசு, கொம்பிரியார் சபை, பாஸ்கு என்று பாட்டிமார் சொன்ன சொற்களை, வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நற்றமிழ் வழிபாடு மலர்ந்தபோது பெரும்பாலும் ஒதுக்கினோம். செபம் மக்களுக்கு விளங்க வேண்டும், அம்மாற்றம் தேவையானதே. ஆனால் அச்சொற்களைக் கேட்டு நகைக்கும் இளைஞர், சாவியையும் மேசையையும் தயக்கமின்றிச் சொல்கின்றனர். கடைச்சொல்லுக்குக் கிடைத்த மன்னிப்பு செபச்சொல்லுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது நமக்கு விளங்கவில்லை. ஈழத்துத் தமிழர் கிறிஸ்து பிறப்பை இன்றும் 'நத்தார்' என்றே கொண்டாடுகின்றனர்; அதனால் அவர்தம் தமிழ் குறைந்துவிடவில்லை.

மதுரை மறைத்தளத்தில் உழைத்து 1666இல் இறந்த அந்தாம் தெ புரோயென்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி, 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. உரோமையில் காக்கப்பட்டிருந்த படியைக் கொண்டு, தனிநாயகம் அடிகளார் 1966இல் கோலாலம்பூரில் அதை மறுபதிப்பாக்கினார். அதில் தலைச்சொல்லாய் நிற்பது தமிழ். பொருள் கூறிப் பின்தொடர்வது போர்த்துக்கீசியம்.