குளிசையின் அளவும் நோயாளியின் சொல்லும்

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்பது எம் முன்னோர் வாக்கு. ஆனால் அந்த அளவு யாது என்பதை எவரும் முன்கூட்டி அறிந்துவிட முடியாது. புதிய மருந்தொன்று தோன்றும்போது அதன் அளவை உலகம் அறிய வேண்டுமாயின், சிலர் அதனை முதலில் உட்கொண்டே ஆகவேண்டும். மனச்சோர்வு என்னும் கொடிய நோய்க்குச் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய முதல் மருந்துகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அதற்கு முன்னர் இந்நோயாளருக்கு வைத்தியர் அளிக்கக்கூடியவை மிகச் சிலவே. அபின் கரைசலும் நித்திரை மருந்துகளும் வழங்கப்பட்டன. 1938ஆம் ஆண்டு உரோமாபுரியில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை தோன்றியது. குளிசையால் மனச்சோர்வு நீங்கும் என்று நம்பியவர் அரிது.

வழி திறந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. 1952ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் ஸ்ரற்றன் தீவிலுள்ள சீவியூ வைத்தியசாலையில், கசநோயாளருக்கு இப்ரோனியாசிட் என்னும் புதிய மருந்து கொடுக்கப்பட்டது. படுக்கையிற் கிடந்தோர் எழுந்தனர். உணவை விரும்பி உண்டனர். சிலர் விடுதியிலே நடனமும் ஆடினர். இம்மகிழ்ச்சியை வைத்தியர்கள் வேண்டாத பக்க விளைவு என்றே முதலிற் குறித்தனர். 1957ஆம் ஆண்டு நேதன் கிளைன் என்னும் மனநோய் வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் அதே விளைவை மனச்சோர்வுக்கு மருந்தாக்கலாம் எனக் காட்டினர். ஒருவருக்குப் பக்க விளைவாக இருந்தது மற்றொருவருக்குப் பயனாயிற்று. ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் இம்மருந்தைப் பெற்றனர் என்பர். ஆனால் சிலருக்குச் செங்கமாரி கண்டது. ஈரல் கெட்டு இறந்தோரும் உளர். 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் இம்மருந்து சந்தையிலிருந்து நீக்கப்பட்டது.

அதே காலத்திற் சுவிற்சர்லாந்திலே, கொன்ஸ்ரன்ஸ் ஏரிக்கரையிலுள்ள மூன்ஸ்ரர்லிங்கன் மனநோய் வைத்தியசாலையில் றோலன்ட் கூன் என்னும் வைத்தியர் மற்றொரு மருந்தைச் சோதித்தார். கெய்கி கம்பனி தந்த அதற்கு அப்போது பெயரில்லை. இலக்கம் மட்டுமே இருந்தது. சித்தப்பிரமைக்கென்று கொடுத்துப் பார்த்ததிற் பயன் கிட்டவில்லை. 1956ஆம் ஆண்டு ஜனவரியில் மனச்சோர்வுற்ற பெண்ணொருத்திக்குக் கொடுத்தபோது, சில தினங்களில் அவள் முகம் மாறியது. 1957ஆம் ஆண்டு சூரிச் நகரிற் கூடிய உலக மனநோய் மருத்துவ மகாநாட்டில் கூன் இதனை விளக்கினார்; கேட்டிருந்தோர் ஒரு டசின் பேரளவே. பின்னர் இமிப்பிரமின் என்ற பெயரில் அம்மருந்து விற்பனைக்கு வந்தது.

இப்பெருமையின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. அவ்வைத்தியசாலையிற் பல்லாண்டுகளாக நடந்த மருந்துச் சோதனைகளைப் பற்றிய வரலாற்றாய்வு 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. நோயாளர் பலருக்குத் தாம் சோதிக்கப்படுவதே தெரியாது என்பதை அது வெளிப்படுத்தியது. இன்று மருந்துப் பெட்டியில் அச்சாகியிருக்கும் அளவுகளின் பின்னே, கேட்கப்படாத பலருடைய உடல்கள் இருக்கின்றன.

இனி அளவை நோக்குவோம். இமிப்பிரமினை நாளொன்றுக்கு மூன்று முறை 25 மில்லிகிராம் வீதம் தொடங்கி, 150 அல்லது 200 வரை படிப்படியாக உயர்த்துவது வழக்கமாயிற்று. முதியோருக்கு இதனிலும் குறைவாகவே கொடுத்தனர். ஏன் இந்த நிதானம்? மனத்தைத் தொடும் இம்மருந்து அங்கு மட்டும் நின்றுவிடுவதில்லை. நரம்புகள் செய்தி அனுப்ப உதவும் அசற்றைல்கோலின் என்ற பொருளையும் அது தடுக்கிறது. அதனால் நா வரண்டுபோகும், மலம் இறுகும், சலம் போவது தடைப்படும், எழுத்துக்கள் மங்கும். மேலும் இரத்த அழுத்தம் தாழ்வதால், படுக்கையிலிருந்து சடுதியாக எழும் முதியவர் தலைசுற்றி விழவுங் கூடும்.

இதிலுள்ள பெருஞ் சங்கடம் யாதெனில், துன்பம் முதல் நாளே வருகிறது. பயனோ இரண்டு முதல் நான்கு கிழமைகள் சென்றே வருகிறது. ஏற்கெனவே நம்பிக்கை இழந்த ஒருவனிடம், ‘நாவரட்சியைப் பொறுத்துக்கொள், அடுத்த மாதம் மனந் தெளியும்’ என்று சொன்னால் அவன் எங்ஙனம் நம்புவான்? பலர் இடையிலே கைவிட்டனர். வைத்தியர் சிலரோ பக்க விளைவுக்கு அஞ்சிச் சிறிய அளவோடு நிறுத்தினர். அதுவும் தவறாகலாம் என்பது பின்னர் தெரிந்தது. பினெல்சின் என்ற மருந்தை 1970களில் அளவு பிரித்துச் சோதித்தபோது, நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் பயன் தந்தது. 30 மில்லிகிராமோ வெற்றுக் குளிசையினும் மேம்பட்டதாகத் தோன்றவில்லை. மிஞ்சினால் நஞ்சு; குறைந்தால் வீண்.

மிஞ்சினால் நஞ்சு என்பது இங்கு வெறும் உவமையன்று. இமிப்பிரமின் வகை மருந்துகள் அளவு கடந்தால் இருதயத்தின் துடிப்பையே குலைத்துவிடும். வாழ்வை வெறுத்தவனின் கையிலே அவனுக்கு வேண்டிய மருந்தே ஆபத்தாயிற்று. ஆகவே விவேகமுள்ள வைத்தியர்கள் ஒரு தடவையிற் சில நாட்களுக்குரிய குளிசைகளையே கொடுத்து, அவற்றை வீட்டார் பொறுப்பில் வைக்கும்படி பணித்தனர்.

இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவுங் கவர்ந்தது 1963ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகும். இங்கிலாந்தின் நொற்றிங்காம் நகரில் மருந்தாளர் ஒருவர் இருந்தார். அவர் மனைவி, இப்ரோனியாசிட்டைப் போன்ற வகையைச் சேர்ந்த மருந்தொன்றை உட்கொண்டு வந்தார். சீஸ் உண்டபின் இருமுறை அவருக்குத் தாங்கவொண்ணாத தலையிடி வந்ததைக் கணவர் கவனித்து, இலண்டனிலிருந்த பரி பிளக்வெல் என்னும் இளம் வைத்தியருக்குக் கடிதம் எழுதினார். சீஸினால் தலையிடி வருமா என்று நகைத்தோர் உண்டு. பிளக்வெல் நகைத்ததோடு விட்டுவிடவில்லை. இணங்கிய நோயாளி ஒருவருக்குச் சீஸ் கொடுத்து, இரத்த அழுத்தம் ஏறுவதைக் கண்கூடாகக் கண்டார். சீஸில் உள்ள தைரமின் என்னும் பொருளைக் குடலும் ஈரலும் வழக்கமாக அழித்துவிடும். அவ்வழிப்பை இம்மருந்து தடுத்துவிடுவதால் தைரமின் இரத்தத்திற் கலந்து அழுத்தத்தை ஏற்றுகிறது. மூளையில் இரத்தம் கசிந்து இறந்தோரும் உளர். எம்மவர் பாணிற் பூசி உண்ணும் மாமைற்றும் இம்மருந்தை உட்கொள்வோர் விலக்கவேண்டிய உணவுப் பட்டியலிற் சேர்ந்தது. ஆராய்ச்சிக்கூடங்கள் காணாததை ஒரு கணவனின் கவனம் கண்டது.

1987ஆம் ஆண்டு முடிவில் புளுவொக்செற்றின் அமெரிக்காவில் அனுமதி பெற்றபின், அவ்வகைப் புதிய மருந்துகள் முதலிடம் பெற்றன. எனினும் பழையவை அழிந்துவிடவில்லை. இமிப்பிரமினின் உறவான அமிற்றிப்ரிலின், உலக சுகாதார ஸ்தாபனம் 1977ஆம் ஆண்டு வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இடம் பெற்றது. இன்று நரம்பு நோவுக்கும் ஒற்றைத் தலையிடிக்கும் அதைச் சிறிய அளவிற் கொடுக்கின்றனர்.

நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என வைத்தியத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். மேற்கூறிய வரலாறு அவ்வகுப்பின் உண்மையை எமக்கு உணர்த்துகிறது. மனநோய்க்கு மருந்துண்பவரை ‘விசர்க் குளிசை போடுகிறவர்’ என்று ஏளனஞ் செய்யும் வழக்கம் எம்மிடையே இன்னும் ஒழியவில்லை. ஏளனத்துக்கு அஞ்சுபவர் மருந்தை ஒளித்து உண்பார். நா வரண்டதையும் தலை சுற்றியதையும் எவருக்குஞ் சொல்லார். ஈற்றில் வைத்தியரைக் கேளாமலே சடுதியாக நிறுத்தி மேலும் துன்புறுவார். வாலிப அன்பர்களே, அளவை வகுப்பது வைத்தியரின் கடமை. ஆனால் அவ்வளவு சரிதானா என்பதைச் சொல்ல வல்லவர் அதை உண்பவரே. அவர் சொல்வதை நகையாது கேட்டிருக்கும் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும்.