டோர்வலின் வரிப்பணம்

மொன்றியல் தீவின் தென்கரையில், சென் லூயி ஏரியைப் பார்த்தபடி அமைந்த சிறுநகரம் டோர்வல். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 19,302. தமிழ்நாட்டில் இந்த எண்ணிக்கை ஒரு பேரூராட்சிக்குத்தான் பொருந்தும். ஆனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடிப் பயணிகள் வந்துபோகும் பன்னாட்டு விமான நிலையத்தின் முனையக் கட்டடம் இந்த ஊரின் எல்லைக்குள்தான் நிற்கிறது. ஊர் சிறியது, அதன் வரி வளமோ பெரியது. அந்த வளத்திலிருந்து வரும் பணத்தை யார் வசூலிப்பது, யார் பங்கிடுவது, எங்கே செலவிடுவது என்ற கேள்விகளைச் சுற்றியே டோர்வல் நகராட்சியின் வரலாறு நடந்திருக்கிறது.

ஊரின் பெயர் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1691இல் இங்கே நிலம் வாங்கிய ஜான் பாப்தீஸ்த் புஷார் என்பவருக்கு ‘தோர்வால்’ என்ற அடைபெயர் இருந்தது. அதுவே ஊருக்கும் எதிரே ஏரியில் உள்ள சிறுதீவுக்கும் பெயராக நிலைத்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இது வயல்வெளியாகவே இருந்தது. 1850களில் மொன்றியலையும் மேற்கையும் இணைத்துக் கிராண்ட் டிரங்க் ரயில்பாதை வந்ததும் நிலைமை மாறியது. மொன்றியலின் வணிகர்கள் ஏரிக்கரையில் கோடைக்கால மாளிகைகள் கட்டினார்கள். 1896இல் ராயல் மொன்றியல் கோல்ஃப் கிளப் இங்கே இடம்பெயர்ந்தது.

உள்ளூராட்சி இந்தச் சூழலில்தான் பிறந்தது. 1892இல் டோர்வல் தனிக் கிராம நகராட்சியானது. 1903இல் நகரம் என்ற தகுதியைப் பெற்றது. கியூபெக்கின் நகரங்களுக்கான பொதுச்சட்டம் வந்ததும் அதே 1903இல்தான். வீட்டையும் நிலத்தையும் மதிப்பிட்டு, அந்த மதிப்பின் மீது வரி போட்டு, அதைக்கொண்டு சாலை, வடிகால், குடிநீர் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வதே அன்றைய நகராட்சியின் வேலை. இன்றும் கணக்கின் அடித்தளம் அதுவே. கனடாவில் நகராட்சி என்பது மாகாணம் உருவாக்கும் அமைப்பு. மாகாணம் கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு. கொடுத்ததை மாகாணமே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். இந்த உண்மையை டோர்வல் பிற்பாடு கசப்போடு உணர்ந்தது.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கியூபெக்கின் பல நகராட்சிகள் கடனில் மூழ்கின. அவற்றைக் கண்காணிக்க மாகாணம் 1932இல் நகராட்சி ஆணையத்தை அமைத்தது. வருமானத்துக்கு மேல் செலவிடும் நகராட்சியைக் கட்டுப்படுத்தும் மரபு அங்கிருந்து வலுப்பெற்றது. கியூபெக்கில் நகராட்சி பற்றாக்குறை வரவு செலவுத் திட்டம் போட முடியாது. வரவும் செலவும் சரிக்குச் சரி நிற்க வேண்டும். ஓராண்டில் எதிர்பாராமல் துண்டு விழுந்தால், அந்தத் தொகையை அடுத்த ஆண்டின் செலவுக் கணக்கில் ஏற்றியாக வேண்டும்.

டோர்வலின் தலையெழுத்தை மாற்றியது விமான நிலையம். பழைய குதிரைப் பந்தயத் திடலை உள்ளடக்கிய நிலத்தில், இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1941 செப்டம்பர் 1 அன்று அது திறக்கப்பட்டது. இங்கிருந்து போர்விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி பிரிட்டனுக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. போர் முடிந்ததும் பயணிகள் வந்தார்கள். பின்னால் தொழிற்சாலைகளும் சரக்குக் கிடங்குகளும் விடுதிகளும் வந்தன. கோடை வீடுகளின் ஊர் புறநகராக வளர்ந்து, 1956இல் மாநகரத் தகுதியைப் பெற்றது.

விமான நிலையம் ஒரு வரிச் சிக்கலையும் கூடவே கொண்டுவந்தது. அந்த நிலம் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தம். கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, அரசின் நிலத்துக்கும் உடைமைக்கும் வரி விதிக்கக் கூடாது என்கிறது. இந்திய அரசமைப்பின் 285ஆவது பிரிவும் ஒன்றிய அரசின் சொத்துக்கு இதே காப்பைத் தருகிறது. ஊரிலேயே பெரிய சொத்துக்கு வரி இல்லை, ஆனால் அதைச் சுற்றியுள்ள சாலையையும் வடிகாலையும் ஊர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் கணக்கு எப்படி நேராகும்? இதற்குத் தீர்வாகக் கனடா ‘வரிக்கு ஈடான தொகை’ என்ற வழக்கத்தை ஏற்படுத்தியது. 1992 முதல் விமான நிலையத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் லாபநோக்கற்ற நிறுவனமான ஏரோபோர் த மொன்றியலும் அத்தகைய தொகையை நகராட்சிகளுக்குச் செலுத்துகிறது.

நடுவே ஒரு சரிவும் வந்தது. 1975இல் மொன்றியலுக்கு வடக்கே மிராபெல் விமான நிலையம் திறந்தபோது, கடல்கடந்த விமானங்கள் அங்கே மாற்றப்பட்டன. 1980களில் ஐரோப்பா வழியாக மொன்றியலுக்கு வந்த ஈழத்தமிழர்களுக்கு முதலில் தெரிந்த விமான நிலையம் மிராபெல்தான். 1997இல் அந்த விமானங்கள் டோர்வலுக்குத் திரும்பத் தொடங்கின; 2004இல் மிராபெலின் பயணிகள் சேவை நின்றது. அதே ஆண்டு டோர்வல் நிலையத்துக்கு முன்னாள் பிரதமர் பியேர் எலியட் ட்ரூடோவின் பெயர் சூட்டப்பட்டது.

கிடங்கும் விடுதியும் தந்த வரி, வீட்டு வரியின் சுமையைக் குறைத்தது. ஏரிக்கரையில் நூலகம், முன்னாள் மேயர் சார்த்தோ தெனுவாயேவின் பெயரைத் தாங்கிய சமூக மையம், பூங்காக்கள், ஏரிநீரைச் சுத்திகரிக்கும் குடிநீர் நிலையம் என்று ஊர் தனக்கான வசதிகளைச் சேர்த்துக்கொண்டது. 1979இல் மாகாணம் கொண்டுவந்த நகராட்சி வரிச் சட்டம் சொத்து வரியை நகராட்சிகளின் முதன்மை வருவாயாக உறுதிசெய்தது. அதற்கு ஈடாக, அதுவரை விற்பனை வரியிலிருந்து கிடைத்துவந்த பங்கு நின்றது. தன் வருமானத்தைத் தானே ஈட்ட வேண்டும், அதற்குத் தன் மக்களிடமே பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை இவ்வாறு இறுகியது.

இதற்கிடையே தீவு முழுவதற்கும் பொதுவான செலவுகள் வளர்ந்தன. 1969 அக்டோபர் 7 அன்று மொன்றியல் போலீசார் வேலைநிறுத்தம் செய்தபோது நகரில் கலவரம் மூண்டது. ஒரு நகரின் காவல் குலைந்தால் தீவே குலையும் என்பது அந்த ஒரு நாளில் விளங்கியது. 1970இல் மொன்றியல் நகர்ப்புறச் சமூகம் என்ற கூட்டமைப்பு அமைந்தது. 1972இல் தீவின் போலீஸ் படைகள் ஒன்றாயின. பேருந்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, சொத்து மதிப்பீடு ஆகியவையும் கூட்டமைப்பின் பொறுப்பாயின. டோர்வல் தன் வரியில் ஒரு பகுதியைத் தீவுக்குக் கொடுக்கும் பழக்கம் அப்போதே வேரூன்றியது.

2000 டிசம்பரில் லூசியன் பூஷார் தலைமையிலான மாகாண அரசு 170ஆம் எண் மசோதாவைச் சட்டமாக்கியது. தீவின் 28 நகராட்சிகளும் ஒரே மொன்றியல் ஆகும் என்றது சட்டம். புறநகராட்சிகள் பல நீதிமன்றம் போயும் பயனில்லை. 2002 ஜனவரி 1 முதல் டோர்வல், எதிரேயுள்ள தீவோடு சேர்ந்து, மொன்றியலின் ஒரு நிர்வாக வட்டம் மட்டுமே. பனி அகற்றுவதும் பூங்கா பராமரிப்பதும் வட்டத்திடம் இருந்தன. அவற்றுக்கான பணமோ மைய நகரம் ஒதுக்கித் தருவதாயிற்று. ஊரின் தீயணைப்புப் படையும் தீவின் பொதுப்படையில் கரைந்தது.

இணைப்பை ஆதரித்தவர்களிடம் வலுவான நியாயம் இருந்தது. வேலைக்கும் படிப்புக்கும் எல்லோரும் மையநகரைப் பயன்படுத்தும்போது, அதன் ஏழைகளுக்கும் பாலங்களுக்கும் ஆகும் செலவைச் செழிப்பான புறநகரும் ஏற்க வேண்டும் என்றார்கள். எதிர்த்தவர்களின் நியாயமும் வலுவானதே. தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த ஊரில், அந்தக் கேள்வி கைமாறிப் போனது என்றார்கள். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சேவை வழங்கும் இருமொழித் தகுதி கொண்ட டோர்வலில் மொழியும் ஒரு கவலையாக இருந்தது.

2003இல் ஆட்சி மாறியது. ழான் ஷாரே தலைமையிலான அரசு, விரும்பும் ஊர்கள் பிரிந்துபோக வழிசெய்தது. முதலில் வாக்காளர்களில் 10 விழுக்காட்டினர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பிறகு வாக்கெடுப்பு. அதில் பெரும்பான்மை மட்டும் போதாது. பிரிவை ஆதரிப்போர் பட்டியலிலுள்ள மொத்த வாக்காளர்களில் 35 விழுக்காடாவது இருக்க வேண்டும். வாக்களிக்க வராதவரும் ஒருவகையில் எதிர்த்து வாக்களித்தவராகவே கணக்காயிற்று. 2004 ஜூன் 20 அன்று தீவில் 22 இடங்களில் வாக்கெடுப்பு நடந்தது. 15 ஊர்கள் பிரிந்தன. டோர்வலும் அதன் தீவும் அவற்றில் இருந்தன. 2011இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, அந்த ஊர் மக்களுக்கு இப்படி ஒரு வாக்குச்சீட்டு கிடைக்கவில்லை. டோர்வல் மக்களுக்கு அது கிடைத்தது என்பது உள்ளாட்சி வரலாற்றில் அரிய நிகழ்வு.

2006 ஜனவரி 1 அன்று டோர்வல் மீண்டும் நகராட்சியானது. ஆனால் போனது முழுவதும் திரும்பவில்லை. போலீஸ், தீயணைப்பு, பொதுப்போக்குவரத்து, குடிநீர் உற்பத்தி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, சொத்து மதிப்பீடு, நகராட்சி நீதிமன்றம், சமூக வீட்டுவசதி ஆகியவை தீவு முழுமைக்குமான பொதுமன்றத்திடம் போயின. உள்ளூர்ச் சாலை, பனி அகற்றல், குப்பை சேகரிப்பு, நூலகம், பூங்கா, விளையாட்டு, கட்டட அனுமதி, தெருக்குழாய் ஆகியவை ஊரிடம் வந்தன. பொதுமன்றத்தில் மக்கள்தொகைக்கேற்ப வாக்குக்கு எடை உண்டு. மொன்றியல் நகரத்தின் எடை ஏறத்தாழ 87 விழுக்காடு. பிரிந்த ஊர்கள் எல்லாம் சேர்ந்தாலும் மீதி 13தான். டோர்வல் மேயர் தம் ஊருக்கும் எதிரேயுள்ள சிறுதீவுக்கும் சேர்த்துப் பேசுகிறார். அவர் பேச முடியும். தீர்மானத்தைத் தடுக்க முடியாது.

முதல் மூன்றாண்டுகள் வீட்டுக்காரர்களுக்கு இரண்டு வரிச்சீட்டுகள் வந்தன: ஊருக்கு ஒன்று, தீவுக்கு ஒன்று. 2008இல் சட்டம் திருத்தப்பட்டு, 2009 முதல் ஒரே சீட்டு வந்தது. தீவின் பங்குத் தொகையை இப்போது ஊரே வசூலித்துக் கட்டுகிறது. அந்தப் பங்கு ஒவ்வோர் ஊரின் சொத்து வளத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அதில் வணிகச் சொத்துக்கு வீட்டைவிடக் கூடுதல் எடை. விடுதியும் கிடங்கும் நிறைந்த டோர்வலுக்கு இதன் விளைவு கனமானது. ஊரின் ஆண்டுச் செலவில் பாதிக்கும் மேல் தீவுக்கே போகிறது. ஒரு காலத்தில் வீட்டு வரியைத் தாங்கிப்பிடித்த அதே விமான நிலையச் சுற்றுவட்டாரம், இன்று ஊரின் பங்குத் தொகையையும் ஏற்றிவிடுகிறது. கூட்டுச் செலவில் ஊர் பங்கேற்பது நியாயம். தன் பணத்தின் பெரும்பகுதி எப்படிச் செலவாகிறது என்பதில் 13 விழுக்காட்டுக்குள் ஒரு துளிக் குரல் மட்டும் இருப்பது நியாயமில்லை.

ஊரிடம் எஞ்சிய பகுதிக்கான திட்டம் மேயரும் ஆறு உறுப்பினர்களும் கொண்ட நகரசபையில் முடிவாகிறது. சொத்து மதிப்பீட்டுப் பட்டியல் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதிதாகிறது. சபை ஆண்டுதோறும் வரி விகிதத்தை நிர்ணயிக்கிறது. வீட்டின் மதிப்பு இரட்டிப்பானால் வரியும் இரட்டிப்பாகும் என்பதில்லை. விகிதத்தைக் குறைத்துச் சபை அதைச் சமன்செய்ய முடியும். நவம்பர் 15க்கும் டிசம்பர் 31க்கும் இடையே வரவு செலவுத் திட்டம் நிறைவேற வேண்டும். தேர்தல் ஆண்டில் மட்டும் ஜனவரி இறுதிவரை அவகாசம் உண்டு. அதற்கான கூட்டத்துக்குக் குறைந்தது எட்டு நாள் முன்பே பொது அறிவிப்பு வர வேண்டும். அந்தக் கூட்டத்தில் திட்டத்தையும் முதலீட்டுப் பணிகளின் பட்டியலையும் தவிர வேறெதையும் விவாதிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. பொதுமக்களின் கேள்வி நேரத்துக்கும் இதே கட்டுப்பாடுதான். அண்டைவீட்டு நாயைப் பற்றிய புகாருக்கு அன்று இடமில்லை. வரி, செலவு, கடன் இவை மட்டுமே பேச்சு.

கடனுக்கு இன்னொரு காவல் உண்டு. பெரும் பணிக்குக் கடன் வாங்க நகரசபை விதி இயற்றினால், பொதுவாக மாகாண அமைச்சரின் ஒப்புதலோடு வாக்காளரின் ஒப்புதலும் தேவை. அதற்காக ஒரு பதிவேடு காலை 9 மணி முதல் மாலை 7 மணிவரை திறந்துவைக்கப்படுகிறது. கடனை எதிர்க்கும் வாக்காளர் வந்து கையெழுத்திடலாம். போதிய கையெழுத்து சேர்ந்தால் சபை விதியைக் கைவிட வேண்டும் அல்லது வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சேராவிட்டால் மக்கள் ஒப்பியதாகக் கொள்ளப்படும்.

சேவைகளில் அதிகம் கவனிக்கப்படுவது பனி அகற்றல். டோர்வல் விமான நிலைய வானிலைப் பதிவின்படி இங்கே ஆண்டுக்குச் சராசரியாக 210 செ.மீ. பனி பொழிகிறது. எந்தத் தெருவை முதலில் துப்புரவாக்குவது, எங்கே உப்புத் தூவுவது, எந்த நடைபாதையை விட்டுவைப்பது என்பதெல்லாம் நகரசபை ஒதுக்கும் பணத்தைப் பொறுத்தவை. போலீஸ் செலவைப் பற்றிக் கேட்க டோர்வல்காரர் தீவின் பொதுமன்றத்துக்குப் போக வேண்டும். தன் வாசலில் குவிந்த பனியைப் பற்றிக் கேட்க, நகரசபையின் அடுத்த கூட்டத்துக்குப் போனால் போதும்.