கப்பலுக்கு முந்த வேண்டிய செய்தி

பினாங்கின் கிழக்கே கிடக்கும் ஜெரஜாக் தீவை நம்மவர் பலர் மறந்துவிட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருள் பலர், ஜார்ஜ் டவுன் மண்ணை மிதிக்குமுன் அங்கேதான் இறக்கப்பட்டனர். கப்பலில் வைசூரியோ வாந்திபேதியோ தோன்றிவிட்டால், நோயுற்றவரோடு நோயற்றவரும் காவலில் கிடந்தனர். எத்துறைமுகத்தில் எந்நோய் எழுந்ததென்று ஒழுங்காக அறிவிக்கும் ஏற்பாடு அன்று இல்லை. செய்தி இல்லாதவிடத்துச் சந்தேகமே சட்டமாகும். அதன் பாரம் ஏழையின் முதுகிலேறும்.

இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு, 1925-ம் வருடத்தில் சர்வதேச சங்கம் சிங்கப்பூரில் ஒரு நோய்ச் செய்தி நிலையத்தை நிறுவிற்று. கீழ்த்திசைத் துறைமுகங்கள் தம் நோய்க் கணக்கை அங்கே தந்தியில் அனுப்பின. நிலையம் அவற்றைத் தொகுத்து வாரந்தோறும் கம்பியில்லாத் தந்தி வழியே பரப்பிற்று. 1926-ம் வருடத்துச் சர்வதேசச் சுகாதார ஒப்பந்தமோ இன்னும் ஒருபடி மேலே சென்றது. பிரயாணிகள் அனைவரும் நலமாயிருப்பினும், பிளேக் கண்ட எலி அகப்பட்டால் அக்கப்பல் நோயுற்ற கப்பலே என்றது. எலியின் சாவு மனிதனுக்கு எச்சரிக்கை என்பதை உலகம் அன்றே ஒப்புக்கொண்டது. 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகவே அந்நிலையத்தின் பணி நின்றது.

கற்ற பாடத்தை நாம் காத்தோமா? 1998-ன் பிற்பகுதியில் பேராக்கில், ஈப்போவுக்கருகே பன்றி வளர்ப்போரை மூளைக் காய்ச்சல் பற்றிற்று. கொசுவினால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றெண்ணிப் புகையடித்தனர், ஊசியும் போட்டனர். ஊசி போட்டவரும் மாண்டனர். நோயுற்றவருள் பெரும்பாலோர் பன்றியைத் தொட்டு வேலை செய்தவர். கொட்டகையில் பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக் கணக்கும் கொட்டகைக் கணக்கும் காலத்தில் கூடவில்லை. பன்றிகள் கைமாறின, நோய் நெகிரி செம்பிலானுக்குச் சென்று, எல்லை தாண்டிச் சிங்கப்பூர் அறுப்புக்கூடத்தையும் அடைந்தது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் ஒரு புதிய கிருமியைக் கண்டார். சுங்கை நிப்பா என்ற சிற்றூரால் அதற்கு நிப்பா எனப் பெயராயிற்று. பழந்தின்னி வௌவாலே அதன் இருப்பிடம் எனப் பின்னர்த் தெளிந்தது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் 11 தொழிலாளர் நோயுற்று ஒருவர் இறந்தார். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

2007-ல் அமலுக்கு வந்த சர்வதேசச் சுகாதார விதிகளின்படி, உலகுக்கு ஆபத்தாகக்கூடிய நோயென மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் ஓர் அரசு உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தாக வேண்டும். ஆயினும் மனிதர் நோய்க்கணக்கு ஜெனீவாவுக்கும், விலங்கின் நோய்க்கணக்கு பாரிசிலுள்ள வேறொரு நிறுவனத்துக்கும் போகின்றன. இரண்டையும் இணைக்கும் முயற்சி நடந்துவருகிறது; காடழிந்து வௌவால் இடம்பெயர்ந்த கணக்கும் அதனோடு சேர வேண்டும்.

தோட்டத்தில் கணக்கெழுதும் நமக்கு இது புதிதன்று. காய்ச்சலால் வேலைக்கு வராதவன் பெயர் செக்ரோலில் இருக்கும். லயத்தில் செத்த மாடும் கோழியும் எந்தப் புத்தகத்திலும் இரா. சொன்னால் நஷ்டம் வருமென்று அஞ்சியே மக்கள் மறைக்கின்றனர். ஆதலின் உண்மை சொன்னவனுக்கு நஷ்டஈடு தருவது அரசின் கடமை. கோழி செத்தாலும் ஒளியாது சொல்வது நம் கடமை. ஜெரஜாக்கில் காத்துக் கிடந்த பரம்பரைக்கு இதை வேறொருவர் சொல்லவும் வேண்டுமோ?