ஓ.கே. வந்த வழி



திருமண விசாரணைக்கு வந்த ஒரு மணமகனிடம், "இந்தப் பெண்ணை மணக்க முழுமனதோடு சம்மதிக்கிறீரா?" என்று முறைப்படி கேட்டோம். "ஓ.கே. சாமி" என்றார்! பக்கத்தில் நின்ற உபதேசியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நாமோ சும்மா இராமல், அச்சொல் 'எல்லாம் சரி' எனப் பொருள்படும் 'ஓம்னிஸ் கொரெக்தா' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம் என்று ஒரு விளக்கமும் கொடுத்தோம். குருமட நாட்களில் நம் காதில் விழுந்த செய்தி அது. மறைக்கல்வி வகுப்புகளிலும் பல ஆண்டுகள் இதையே சொல்லி வந்தோம்.

அது தவறு. இந்த ஜூபிலி மலரிலேயே அதைத் திருத்திவிட விரும்புகிறோம்.

இலத்தீன் படித்த நாம் அப்போதே ஐயுற்றிருக்க வேண்டும். 'எல்லாம் சரி' என்பதற்கு 'ஓம்னியா கொரெக்தா' என்றே வரும். அந்த இரண்டாம் சொல்லுக்கும் முதலெழுத்து 'சி'; 'கே' அன்று. 'கே' எழுத்தே இலத்தீனில் மிக அரிது.

இச்சொல்லுக்கு உரிமை கொண்டாடியோர் பலர். கிரேக்கர் தம் 'ஓலா கலா'வே மூலம் என்றனர். அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் சொல் என்றனர் வேறு சிலர். ஹைத்தி நாட்டு ரம் சாராயத்தோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு.

இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். தட்டினால் தேடித் தரும் கணிப்பொறி அவருக்குக் கிடையாது. தாம் கண்டதை 1963, 1964-ஆம் ஆண்டுகளில் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்னும் ஆய்விதழில் வெளியிட்டார்.

1839-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் வெளிவந்த 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில், வேறோர் ஊர்ப் பத்திரிகை ஆசிரியரைச் சீண்டும் ஒரு சிறு குறிப்பு இருந்தது. அதில் 'ஓ.கே.' என்று அச்சிட்டு, பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்' என்று பொருளும் தரப்பட்டிருந்தது. 'ஏ', 'சி' என்று தொடங்க வேண்டிய சொற்களை வேண்டுமென்றே 'ஓ', 'கே' எனத் தப்பும் தவறுமாக எழுதிச் சுருக்குவது அன்றைய பாஸ்டன் பத்திரிகைகளின் விளையாட்டு. 'ஆல் ரைட்' என்பதையும் இதே பாணியில் 'ஓ.டபிள்யூ.' ஆக்கினார்கள்! அந்த வேடிக்கைச் சுருக்கங்களில் பலவும் போன இடம் தெரியவில்லை.

ஓ.கே. பிழைத்ததற்குக் காரணம் ஒரு தேர்தல். 1840-இல் மீண்டும் போட்டியிட்ட ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரன், நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக் என்னும் ஊரில் பிறந்தவர். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்ற அவருடைய பட்டப்பெயரின் முதலெழுத்துகளும் ஓ, கே! ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கம் அமைத்தனர். எதிர்க்கட்சியினரோ, முன்னாள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் எழுத்துப்பிழையோடு இட்ட குறிப்பே இது என்று கதை கட்டினர். வான் பியூரன் தோற்றார், சொல் வென்றது. பின்னர் தந்தி ஊழியர்களும் அதைக் கையாண்டனர்.

இந்த ஜாக்சன் கதைக்குப் 'பத்திரச் சான்று' ஒன்றும் காட்டப்பட்டது. இன்றைய டென்னசி மாநிலத்துப் பகுதியில், 1790-இல் ஜாக்சன் நீதிமன்றத்தில் மெய்ப்பித்த ஒரு விற்பனைப் பத்திரம் பற்றிய பதிவு அது. விற்கப்பட்டவர் ஒரு நீக்ரோ அடிமை என்பதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கடைசியில் இருந்த இரண்டு எழுத்துகளே பேச்சாயின. அவற்றை 'ஓ.கே.' என்று படித்தனர். உற்றுப் பார்த்தபோது, 'பதிவு செய்ய உத்தரவு' என்பதைக் குறிக்கும் 'ஓ.ஆர்.' என்று தெரிந்தது. ஆர் எழுத்தின் வால் செய்த வேலை! நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்கு இது வியப்பாயிராது. மை ஊறிய ஓர் எழுத்தில் ஞானத்தாயின் பெயரே மாறிப்போவதை நாம் கண்டிருக்கிறோம்.

இவ்வளவையும் ஒருநாள் மாலை உபதேசியாருக்கு விளக்கிச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க சாமி. ஆனா இலத்தீன்னு சொன்னப்போ ஒரு மரியாதை இருந்துச்சு" என்றார்.