கள் (மலாயா)
விரியாத தென்னம்பாளையைக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிக் கலயத்தில் வடித்தெடுக்கும் இனிய சாறு தானே நுரைத்துப் புளித்து மதுவாகும் பானம். பியருக்குரிய பார்லி முளைகட்டலும் காய்ச்சலும் ஈஸ்ட் சேர்த்தலும் இதற்கு வேண்டுவதில்லை. பினாங்குத் தீவின் கெலுகோர் போன்ற கடலோரப் பிரதேசங்களின் உஷ்ணமும், காற்றிலும் கலயத்திலும் வாசம் செய்யும் ஈஸ்டுமே போதுமாதலால், கள்ளிறக்கப் புதிதாகப் பழகுவோன் முதற்கண் கவனிக்கத்தக்கது கலயத்தின் சுத்தமேயாகும். முந்தைய நாள் மண்டி படிந்த கலயத்தில் சாறு இறங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். உட்புறம் சுண்ணாம்பு தடவினாலோ புளிப்பு தடைப்பட்டுப் பதநீராகவே நிற்கும். நுரை பொங்குங்கால் கலயத்தின் வாயை இறுக அடைப்பது அபாயம். இரண்டொரு நாள் கடந்தால் காடிதான். மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழரின் கூலியை விழுங்கிய கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்பது 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று, நியாயமான கோரிக்கையே.