மிதிவண்டிக்கு 12, மின்சாரக் காருக்கு 5



இன்று காலை ரமணாசிரமம் எதிரே நடந்துகொண்டிருந்தேன். சத்தமே இல்லாமல் ஒரு மின்சாரக் கார் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் என்னிடம் எட்டாவது படித்தவர். "சாலை வரி இல்லை டீச்சர், ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதம்தான்" என்றார். சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் பூக்கூடை கட்டிய சைக்கிளில் ஒருவர் எங்களைக் கடந்து போனார். அவருக்கு அரசு என்ன கொடுத்தது என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

நம் மாநிலம் சைக்கிளை மறந்த மாநிலம் இல்லை. புதுக்கோட்டையில் 1991-ல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் ஓட்டினார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. அவர்கள் நிறுத்தவில்லை.

2001-02-ல் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் வந்தது. 2005-06-ல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் விரிந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. சைக்கிள் கிடைப்பது பிளஸ் ஒன்னில். எங்கள் பிள்ளைகள் எட்டாவது முடித்ததுமே தூரத்துப் பள்ளிக்குப் போகவேண்டும். நடக்க வேண்டிய தூரத்தைச் சொல்லி, ஒன்பதாவதில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள்.

பிறகு காலம் மின்சாரத்துக்கு மாறியது. மத்திய அரசின் ஃபேம் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. 2019-ல் வந்த இரண்டாம் கட்டத்துக்கு 10,000 கோடி ரூபாய். 2021 ஜூனில் மின்சார ஸ்கூட்டர் மானியத்தைப் பேட்டரியின் ஒரு கிலோவாட் மணிக்கு 15,000 ரூபாயாக, வண்டி விலையில் 40 சதவீதம் வரை என்று உயர்த்தினார்கள். 2023 ஜூனில் அதுவே 10,000 ரூபாய், 15 சதவீதம் என்று இறங்கியது. முந்தின மாதம் வாங்கியவர் பிழைத்தார்! நம் செங்கம் சாலையில் மேற்கே போய், ஊத்தங்கரைக்கு அப்பால் போச்சம்பள்ளியில் பெரிய மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையே இருக்கிறது.

சொந்தக் காருக்கு ஃபேம் இரண்டாம் கட்ட மானியம் இல்லை, வாடகைக் காருக்குத்தான். சொந்தக் காருக்குக் கிடைத்தது வரிச்சலுகை. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்சார வாகன ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. சாதாரணச் சைக்கிளுக்கோ 12 சதவீதம் அப்படியே நின்றது. 2025 செப்டம்பர் 22-ல்தான் அதுவும் 5 ஆனது. ஆறு வருடத்துக்கும் மேல், பெட்ரோலும் மின்சாரமும் கேட்காத வண்டிக்குக் காரைவிட அதிக வரி விகிதம்.

மின்சார வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் ஆட்டோப் புகை குடித்தவள் நான்.

பள்ளியில் கொடுத்த சைக்கிளை இன்னும் வைத்திருப்பவர்கள் இருந்தால் கீழே படம் போடுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை.